உடன்படிக்கை ஞாயிறு

எங்கள் மெதடிஸ்த சபையில் வருடத்தின் முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனை. கடவுள் எதைத் தந்தாலும், எதை எடுத்தாலும் எங்களுக்குச் சம்மதம் என்ற பொருளில் நீண்ட ஜெபம் ஒன்றை எல்லோரும் எழுந்து நின்று சொல்லுவோம்.

சுனாமிக்கு அடுத்து வந்த ஞாயிறே அந்த ஞாயிறாக இருந்தது. கடலோரத்து வீடு போய்விட்டதால் கொக்கட்டிச்சோலையில் உறவினர் வீட்டில் தங்கி, வாவியைப் படகில் கடந்து வந்திருந்தோம். தம்பியை அலை கொண்டுபோயிருந்தது. அம்மாவைத் தென்னை மரமொன்றிலிருந்து உயிரோடு இறக்கியிருந்தார்கள்.

வாசலில் ஒரு மாமி அம்மாவின் கையைப் பிடித்தார். "ஆண்டவர் உன்னத் தெரிஞ்செடுத்திரிக்கார் புள்ள."

"அப்ப என்ட மகன அவருக்குத் தெரியாமப் போச்சா?"

ஜெபத்துக்கு அம்மா எழவில்லை. திருவிருந்து அப்பம் வாங்கவும் முன்னே போகவில்லை. முடிந்ததும் போதகர் அருகில் வந்தார்.

"நீங்க விட்டாலும் அவர் உங்கள விடமாட்டார் அம்மா."

"விடமாட்டார் எண்டா என்னத்துக்கு ஐயா சம்மதம் கேக்கிறீங்க? கேட்டா, மாட்டன் எண்டு சொல்லவும் ஏலும்தானே."

"ஓம், ஏலும்," என்றார் போதகர்.

நான் அப்போது தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டடப் படம் வரையக் கற்றுக்கொண்டிருந்தேன். எதையும் இலக்கமிட்டால் தெளியும் என்று நம்பினேன். படகில் திரும்பும்போது அடுக்கிப் பார்த்தேன். ஒன்று, மீட்பு கடவுளின் கொடை, நாம் சம்பாதிப்பதல்ல. இரண்டு, அதை ஏற்கவோ மறுக்கவோ நமக்கு உரிமை உண்டு. மூன்று, தம்பியிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. மூன்றாவதை எங்கே வைத்தாலும் மற்ற இரண்டும் சரிந்தன.

அதன்பின் ஒவ்வொரு வருடமும் நான் எழுந்து நின்றேன். பக்கத்தில் அம்மா வாங்கில் உட்கார்ந்தே இருந்தார்.

யுத்தம் முடிந்து முதல் புதுவருடம். கடைசிச் சண்டை நடந்த வன்னியில் போதகரின் மகன் இருந்தார்; அவரைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை. போதகர் ஜெபத்தைத் தொடங்கினார். 'எடுத்தாலும்' என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து தொடங்கி, அங்கேயே நிறுத்தினார். நாங்கள் காத்து நின்றோம். அவரால் தொடர முடியவில்லை.

"ஏலாட்டி இரிங்க ஐயா," என்றார் அம்மா, வாங்கில் உட்கார்ந்தபடியே.

அவர் பீடத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். ஒருவர் பின் ஒருவராக நாங்களும் உட்கார்ந்தோம். ஜெபத்தை யாரும் முடிக்கவில்லை.

பின்பு அவர் அப்பத்தை எடுத்துக்கொண்டு வாங்கு வரிசைகளுக்கிடையே இறங்கி வந்தார். எங்களிடம் வந்து நின்றார். எதுவும் கேட்கவில்லை. அம்மா கையை நீட்டி வாங்கி, விரல்களை மூடிக்கொண்டார்.

வெளியே வந்தபோது அந்தக் கை வெறுமையாக இருந்தது. "சாப்பிட்டீங்களாம்மா?" என்றேன்.

"கேக்காத புள்ள," என்றார்.