பிரதிக்குப் பிரதி எடுத்த தபானி

வடக்கே பனி கொட்டும் நாட்டில் கொவ்வோலா என்று ஒரு ஊர், அங்கே தபானி ஹுர்மே என்று ஒருவர் இருக்கிறார். ஊரில் பாதிப் பேருக்கு ரயில்வேயில்தான் பிழைப்பு, அவருக்கும் அப்படித்தான். சரக்கு வண்டி கிளம்புவதற்கு முன்னால் வண்டி நெடுக நடந்துபோய் பிரேக்கையெல்லாம் தட்டிப் பார்த்து 'போகலாம்' என்று சொல்கிற வேலை. விதிப்புத்தகத்தில் போட்டிருப்பதைச் செய்வார், போடாததைச் செய்யமாட்டார். ஜனவரி மாசம், பனி கொட்டுகிறது, தெருவில் ஈ காக்கை கிடையாது, அப்போதும் நடப்பவர்களுக்கான விளக்கு சிவப்பாக இருந்தால் மூக்கு விறைக்க நின்றுகொண்டேயிருப்பார். இப்பேர்ப்பட்ட சாதுவால் ஒரு வீட்டில் இத்தனை அழிச்சாட்டியம் நடக்கும் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

விதை போட்டது மகள். அப்பாவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு சேமிப்புப் பெட்டி வாங்கிக் கொடுத்தாள். ரொட்டி வாட்டும் டோஸ்டரைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளே நாலு டிஸ்க். வீட்டு வைஃபையோடு கோத்துவிட்டால் போட்டோ, வீடியோ எல்லாம் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"கம்ப்யூட்டர் செத்தாலும் இது சாகாதுப்பா. நாலுல ஒரு டிஸ்க் போனாக்கூட மத்த மூணும் சேர்ந்து விட்டதத் திரும்ப எழுதிரும். இதவிட பத்திரமான எடம் வீட்டுலயே கெடையாது" என்றாள்.

பத்திரம் என்ற சொல் தபானியின் நெஞ்சில் நேராகப் போய் இறங்கியது. கானரித் தீவுகளுக்குப் போய் வெயிலில் தோல் உரிந்த படங்கள், மனைவி ஹில்காவின் பாட்டுக் குழு கிறிஸ்துமஸுக்குப் பாடிய வீடியோக்கள், மைத்துனன் எஸ்கோ பிடித்த மீன், எல்லாவற்றையும் ஏற்றினார். வீட்டுச் சாமான் ஒவ்வொன்றின் உபயோகக் குறிப்பையும் ஏற்றினார். எரிந்துபோன காபி மெஷினுக்கும் உபயோகக் குறிப்பு அதில் இருக்கிறது. மெஷின் எங்கே என்று கேட்கக்கூடாது.

பெட்டி ராப்பகலாக உறுமியது. ஹில்கா பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறவர், ஹாலிலும் ஒரு உறுமல் அவருக்குத் தேவைப்படவில்லை. "அதத் தூக்கி எங்கயாவது வை" என்றார். கதவு கனமாக, உள்ளே காய்ந்து, காற்றோட்டமாக இருக்கிற அறை அந்த அடுக்குமாடி வீட்டில் ஒன்றுதான் உண்டு. அது குளியலறையை ஒட்டிய சவுனா, அந்த ஊர்க்காரர்கள் வாரம் ஒருமுறை ஆவியில் வேர்த்துக் குளிக்கிற அறை. ரெண்டு பேர் உட்கார மேல் பலகை, காலை வைக்கக் கீழ்ப் பலகை, மூலையில் கல் அடுக்கிய மின்சார அடுப்பு. கல்லில் தண்ணீர் ஊற்றினால் ஆவி எழும்பி ஆளை அவிக்கும். சனிக்கிழமை மட்டும் பெட்டியை வெளியே எடுத்துவிட்டு அடுப்பைப் போட்டுக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

கொஞ்ச காலத்தில் பெட்டி நிறைந்தது. இடத்தை விரிக்க வேண்டுமென்றால் ஒரு டிஸ்க்கை உருவிவிட்டு அதைவிடப் பெரியதைச் சொருக வேண்டும். மீதி மூன்றும் உட்கார்ந்து புதுசுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும். அது பாடம் படித்து முடிக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். பிறகு அடுத்தது. நாலும் பெரியதானதும் 'இடத்தை விரிக்கவா?' என்று பெட்டியே கேட்கும். அவ்வளவுதான் சமாசாரம். ஆனால் குறிப்புப் புத்தகத்தின் முதல் வரியிலேயே தடித்த எழுத்தில் ஒன்று போட்டிருந்தது: விரிப்பதற்கு முன் எல்லாவற்றையும் பிரதி எடுத்துக்கொள்ளவும்.

தபானி எடுத்தார். தனி டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் அதில் பிரதி எடுத்தார், பெட்டியை விரித்தார், ஒரு பொல்லாப்பும் வரவில்லை. அதோடு விட்டிருக்கலாம். பிரதி இருக்கிற தனி டிஸ்க் கை தவறி விழுந்தால் என்ன செய்வது என்று ஒரு கவலை அவரைப் பிடித்துக்கொண்டது. வீட்டிலேயே பத்திரமான இடம் எது? மகளே சொல்லியிருக்கிறாளே. பெட்டிக்குள் 'பத்திரம்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு பிரதியை அதற்குள் ஏற்றிவிட்டார். பெட்டி மறுபடி நிறைந்தது. மறுபடி விரிக்க வேண்டும். விரிக்க வேண்டுமென்றால் முதலில் பிரதி. பிரதிக்குள் 'பத்திரம்' இருந்தது, அதை 'புதுப் பத்திரம்' என்று ஏற்றினார். அதற்கடுத்த முறை 'ரொம்பப் பத்திரம்'. இப்படியே வருஷங்கள் போயின.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் என்பார்கள். தனி டிஸ்க்குகளைத் தூக்கிப்போட மனசில்லாமல் அட்டை டப்பாக்களில் அடுக்கி மேல் பலகையில் வைத்தார். மேல் பலகை நிறைந்து கீழ்ப் பலகைக்கு இறங்கின. கடைசியில் அடுப்புக் கல்லின்மேலும் ஒரு டப்பா ஏறியது. சவுனாவில் சாமான் வைத்தால் அடுப்பின் ஃபியூஸைக் கழற்ற வேண்டும் என்று தீயணைப்புக்காரர்கள் சொல்வதால் ஃபியூஸையும் கழற்றினார். விதி என்றால் விதி.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து தபானியும் ஹில்காவும் பேசிய பேச்சு எல்லாமே சனிக்கிழமை சவுனாவில்தான். வெளியே இருக்கும்போது "காபி இருக்கா", "குப்பை போட்டாச்சா" என்பதற்கு மேல் அந்த வீட்டில் வார்த்தை செலவாகாது. முகத்துக்கு முகம் பார்க்க வேண்டாத அந்த அரை இருட்டுச் சூட்டில்தான் வீட்டுக் கடனைப் பேசினார்கள், மகளுக்குப் பேர் வைத்தார்கள், தபானியின் அப்பா செத்த வாரம் அவர் அழுததும் அங்கேதான். இப்போது நாலு வருஷமாக அவர் கட்டடத்துப் பொதுச் சவுனாவில் ஆண்கள் முறைக்குப் போய் மேல்மாடிக்காரர் பேசும் ஹாக்கிக் கதையைக் கேட்டுவிட்டு வருகிறார். ஹில்கா பெண்கள் முறைக்குப் போகிறார். படிக்கட்டில் ஒருவர் ஏற ஒருவர் இறங்க, துண்டும் கையுமாகத் தலையாட்டிக்கொள்வார்கள். தபானிக்கு அது வலித்தது.

இந்த ஜூன் மாசம் ஒரு நாள் ஹில்கா சாப்பாட்டு மேசையிலேயே வாயைத் திறந்தார். அப்போதே விஷயம் பெரிது என்று தெரிந்திருக்க வேண்டும்.

"நடுக்கோடைப் பண்டிகைச் சனிக்கெழமைக்குள்ள நம்ம சவுனா சூடாகணும் தபானி. இல்லன்னா எஸ்கோ வேன் எடுத்துட்டு வருவான். கோடை முழுக்க நான் அவனோட ஏரி வீட்டுலதான். அங்க சவுனா இருக்கு."

"கோடை முடிஞ்சு?"

"அங்க குளிர்காலத்துலயும் சவுனா இருக்கு."

தபானி அன்றே காரியத்தில் இறங்கினார். வாசலில் கூரியர் வந்து நின்றது. கையெழுத்துப் போட்டு வாங்கியது ஹில்கா.

"இது என்ன?"

"டிஸ்க்."

"சவுனாவ காலி பண்ணுன்னு சொன்னா டிஸ்க் வருது."

"காலி பண்ணத்தான். மொதல்ல பிரதி எடுக்கணும், அப்பறம் பெட்டிய விரிக்கணும். அப்பறம் இந்த டப்பாவுல இருக்கறதெல்லாம் பெட்டிக்குள்ள போயிரும்."

"பெட்டி எங்க இருக்கும்?"

தபானி யோசித்துப் பார்த்தார். "சவுனாலதான்."

ஹில்கா அலமாரியின் உச்சியிலிருந்து பயணப் பையை இறக்கினார்.

அந்த வாரம் வீட்டில் நடமாட்டமே வேறு மாதிரி. ஒரு டிஸ்க் வெளியே இருக்கும்போது இன்னொன்று மண்டையைப் போட்டால் எல்லாம் போச்சு என்று தபானி பூனை மாதிரி நடந்தார். வாஷிங் மெஷின் சுற்றினால் தரை அதிரும் என்று துவைக்கக்கூடாது என்றார். ஹில்கா வேண்டுமென்றே போர்வையைத் துவைத்தார். அது சுற்றி ஓயும்வரை தபானி சவுனாவில் நின்று, காய்ச்சல் பிள்ளையைப் பிடித்துக்கொள்வது போலப் பெட்டியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு டிஸ்க்காகப் படித்துத் தேறியது. சனிக்கிழமை காலை பெட்டி கேட்டது, தபானி 'ஆம்' போட்டார், இடம் விரிந்தது. இனி டப்பாக்களில் இருப்பதை உள்ளே ஏற்றினால் போதும். எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்த்தார். அடுத்த சனிக்கிழமை வரை ஆகும் என்று பெட்டி சொன்னது.

அழைப்பு மணி அடித்தது. எஸ்கோ வந்துவிட்டான். ஹில்காவின் தம்பி, ஊரிலேயே பெரிய வாய். காபியும் ஏலக்காய் பன்னும் உள்ளே போனதும் அவனுக்கு மீன் ஞாபகம் வந்துவிடும்.

"ஏரிக்கு வந்தா ஹவுகி மீனா தின்னலாம் ஹில்கா. அந்த வருஷம் ஒண்ணு புடிச்சேனே, ஒம்பது கிலோ."

"போன தடவ ஏழு கிலோன்ன."

"அது தலை இல்லாம."

"ஒன் மீனு என் கையகலம்தான் இருந்துச்சு. தபானிதான் போட்டோ எடுத்தான்." ஹில்கா கணவர் பக்கம் திரும்பினார். "அந்தப் பெட்டி இத்தன வருஷம் தின்னதுக்கு ஒரு உபயோகம் இருக்கட்டும். அந்தப் போட்டோவ எடு."

தபானி மடிக்கணினியைக் கொண்டுவந்து 'எஸ்கோ ஹவுகி' என்று தட்டினார். சக்கரம் சுற்றியது. மீன் வந்தது. பக்கத்தில் இன்னொரு மீன் வந்தது. கீழே ஒரு வரிசை, அதற்குக் கீழே ஒரு வரிசை. திரை நெடுக எஸ்கோ பல்லைக் காட்டிக்கொண்டு மீனைத் தூக்கிப் பிடித்திருந்தான். ஹில்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடியில் இருந்த எண்ணைப் படித்தார்.

"அறுபத்திநாலு."

"நான்தான் சொன்னேனே, அந்த வருஷம் நல்ல வேட்டைன்னு" என்றான் எஸ்கோ.

"எல்லாத்துலயும் அதே சட்டை, அதே மீனு. பின்னாடி காபி பிளாஸ்க்கு நிக்குது பாரு, மீனு அதவிடக் குட்டை." ஹில்கா ஒரு படத்தைத் தொட்டு, அது எங்கே இருக்கிறது என்று பார்த்தார். ரொம்பப் பத்திரம், அதற்குள் புதுப் பத்திரம், அதற்குள் பத்திரம். வாய்விட்டுப் படிக்கப் படிக்க அவர் குரல் மெதுவாகிக்கொண்டே போனது. "தபானி. பெட்டிய விரிக்கறதுக்கு பிரதி எடுத்த. அந்தப் பிரதிய எங்க வச்ச?"

"பெட்டிலதான். அதானே பத்திரம்."

"அதனால பெட்டி ரொம்பிடும்."

"ஆமா."

"அதனால விரிப்ப."

தபானி திரையில் அந்தப் பத்திரங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். காது மடல் சிவந்தது. முப்பது வருஷமாக ஒரு பிரேக்கைக்கூடத் தவறவிடாதவர், தன் வீட்டு வண்டி நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கவில்லை.

"அப்போ அறுபத்திநாலு தடவ கானரித் தீவு" என்றான் எஸ்கோ. "நீங்க பெரிய பணக்காரங்கதான் மச்சான்."

ஹில்கா சிரிக்கவில்லை. எழுந்துபோய் வாசலில் பையின் பக்கத்தில் நின்றுகொண்டார். "அந்தப் பெட்டில இருக்கறதுல எனக்கு காபி மெஷினோட குறிப்பு ஒண்ணு போதும் தபானி. அதுகூட வேணாம்."

தபானி முதன்முதலில் ஏற்றிய அசலை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தேர்ந்தெடுத்தார். அழி என்று கொடுத்ததும் பெட்டி ஒரு அறிவிப்பு போட்டது: இதைத் திரும்பப் பெற முடியாது. பிரதி எடுத்துக்கொண்டீர்களா?

அந்த ஒரு வரி அவர் கையைப் பிடித்து நிறுத்தியது. எடுத்துக்கொள்ளவும் என்று போட்டிருந்தால் எடுத்துக்கொள்கிற மனிதர் அவர். வாசலில் எஸ்கோ வேன் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றான். ஹில்கா காலணி நாடாவைக் கட்டக் குனிந்தார். பாதி முடிச்சு போட்டிருப்பார். தபானி கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

எவ்வளவு இடம் நிறைந்திருக்கிறது என்று காட்டும் கோடு குறுகிக் குறுகி நகக்கண் அளவுக்கு வந்து நின்றது. மகள் முதன்முதலில் வாங்கிக் கொடுத்த டிஸ்க்குகளே அதற்குத் தாராளம். மலையைக் கெல்லி எலியைப் பிடித்தது போல என்று சொல்வது இதைத்தான்.

ஹில்கா நாடாவை அவிழ்த்தார். "எஸ்கோ, வேனுல எடம் இருக்குல்ல? டப்பாவத் தூக்கு."

ஹில்காவை ஏற்றிப் போக வந்த வேனில் அட்டை டப்பாக்கள் ஏறின. எல்லாவற்றையும் மின்கழிவு மையத்தில் இறக்கிவிடச் சொல்லி ஒரே ஒரு டிஸ்க்கை மட்டும் எஸ்கோ கையில் கொடுத்து, அதை ஏரி வீட்டில் வைத்துக்கொள் என்றார் தபானி. வீடே எரிந்தாலும் அங்கே ஒன்று இருக்கும். இத்தனை வருஷத்தில் அவர் எடுத்த உருப்படியான பிரதி அது ஒன்றுதான். எஸ்கோ அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "என் மீனு ஒம்பது கிலோன்னு அதுல எழுதிரு மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனான். பெட்டி செருப்பு அலமாரிக்குக் குடிபோனது. தபானி ஃபியூஸை மாட்டினார்.

அடுப்பு சூடாகும்போது நாலு வருஷத் தூசி கருகி வீடெல்லாம் ஒரு வாடை. பலகையைத் தேய்த்துக் கழுவிவிட்டு ரெண்டு பேரும் மேல் பலகையில் ஏறி உட்கார்ந்தார்கள். தபானிக்குச் சொல்லவேண்டியது எத்தனையோ இருந்தது, எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை. ஹில்கா கரண்டியால் தண்ணீர் மொண்டு கல்லில் ஊற்றினார். ஆவி சீறி எழுந்து தோளில் இறங்கியது.

"ஹில்கா."

"ம்."

"நீ பக்கத்துல இல்லாம எனக்கு ஒரு சனிக்கெழமையும் சனிக்கெழமையா இல்ல."

ஹில்கா கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத நாலு வருஷமா உள்ளயே வச்சிருந்தியா?"

"எங்க சொல்றது? எடம் இல்லையே."

"இப்ப இருக்கு" என்றார் ஹில்கா. "சொல்லு."