காவலுக்கு என் முறை

என் மகள் ஸ்கேட்டிங் பழகுவது மைதானத்தில் இல்லை, சாலையில். நெமிலிச்சேரியில் எங்கள் அடுக்ககத்துக்குப் பின்னால் மனை போட்டு விற்றுக்கொண்டிருக்கிறார்கள். தார் போட்டு முடித்து, வீடுகள் வராத நீளமான சாலை அது. ஒரு முனையை டிரம் வைத்து அடைத்திருந்தார்கள். கட்டட வேலைக்கு வண்டிகள் வர வேண்டும் என்பதால் மறுமுனை திறந்தே கிடந்தது. காலை ஆறிலிருந்து ஏழு வரை பதினான்கு பிள்ளைகள் அதில் சக்கரம் கட்டிக்கொண்டு பறப்பார்கள்.

சேர்த்த அன்றே அந்தத் திறந்த முனை என் கண்ணை உறுத்தியது. நான் சும்மா இருக்கிற ஆளும் இல்லை. கோச்சிடம் சண்டை போட்டேன். ஹெல்மெட் இல்லாமல் வந்த பிள்ளையின் அப்பாவிடம் சண்டை போட்டேன். கடைசியில் நானே ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தேன். தினமும் பெற்றோரில் ஒருவர் திறந்த முனையில் விசிலோடு நிற்க வேண்டும். வண்டி வந்தால் கை காட்டி நிறுத்த வேண்டும், நிற்காவிட்டால் ஊத வேண்டும். விசில் கேட்டதும் பிள்ளைகள் ஓரம் ஒதுங்கி உட்கார்ந்துவிட வேண்டும். யார் யாருக்கு எந்த நாள் என்று எக்ஸெல்லில் போட்டு வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து வரும் ஓர் அம்மா தன் முறையில் போனைப் பார்த்துவிட்டார் என்று குழுவிலேயே வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவர் ‘சாரி சார்’ என்று மட்டும் போட்டார்.

அப்புறம் ஒரு நாள் என் முறை வந்தது. அன்றைக்கென்று ஆறரைக்கு அமெரிக்காக்காரர்களோடு மீட்டிங். மியூட்டில் போட்டுக் காதில் மாட்டிக்கொண்டால் போகிறது என்று நினைத்தேன். பாதியில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார். காற்று போனில் இரையாமல் இருக்க, திறந்த முனைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று பதில் சொன்னேன்.

தண்ணீர் லாரி என் தோளை உரசுகிற மாதிரி கடந்து போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. விசிலைத் தேடினால் கயிறு சுற்றி அது முதுகுப் பக்கம் போயிருந்தது. இழுத்து ஊதினேன். பிள்ளைகள் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தார்கள். என் மகள் மட்டும் நடுச்சாலையில், வந்த வேகத்திலேயே லாரியை நோக்கி வந்துகொண்டிருந்தாள். நான் மறுபடி மறுபடி ஊதினேன். கடைசி நொடியில் பக்கவாட்டில் சாய்ந்து மணலில் போய் விழுந்தாள். லாரி கிறீச்சிட்டு நின்றது.

டிரைவர் இறங்கி என்னிடம் வந்தார். “இன்னா சார், போன்ல பேசிகினு நிக்கிற? பசங்க கீறாங்கன்னு ஒரு கை காட்ட மாட்டியா?”

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. என் காதில் மேனேஜர் இன்னும் ‘ஹலோ, ஹலோ’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

முழங்கால் சிராய்ப்போடு தப்பித்தாள். வீட்டில் மனைவி, “என்னடி ஆச்சு?” என்று கேட்டாள்.

“சும்மா விழுந்துட்டேம்மா,” என்றாள் மகள், என் பக்கம் திரும்பாமல்.

ஒன்பது வயதுப் பிள்ளை எனக்காகப் பொய் சொன்னது. அந்த வெட்கத்தில் நடந்ததை மனைவியிடம் சொன்னேன், குழுவிலும் எழுதினேன். தொழிற்சாலைக் குடியிருப்பு அம்மாதான் முதலில் பதில் போட்டார்: ‘பரவாயில்ல சார்.’ அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

ஸ்கேட்டிங்கே வேண்டாம், நிறுத்திவிடலாம் என்றேன். “தப்புப் பண்ணது நீங்க. அவள எதுக்கு நிறுத்தணும்?” என்றாள் மனைவி. அம்பத்தூர்ப் பக்கம் சுற்றுச்சுவர் உள்ள இடம் தேடுவதாகக் கோச் சொல்லியிருக்கிறார். கிடைக்கும் வரை அதே சாலைதான். அங்கே போய்வந்து அவள் கதவைத் தட்டும் வரை எனக்குக் காபி இறங்குவதில்லை.

மறுபடி என் முறை வந்தபோது போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். சாலைக்கு வந்ததும் மகள் என் முன்னால் வந்து நின்றாள். என் சட்டைப் பையையும் பேண்ட் பைகளையும் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்து சக்கரத்தை மாட்டிக்கொண்டாள்.

விசிலை வாயில் கவ்வியபடியே ஒரு மணி நேரம் நின்றேன். வண்டி எதுவும் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அவள் போகிற திசையை விட்டுத் தலையைத் திருப்பி என்னையே பார்த்தாள். “முன்னாடி பாரும்மா, முன்னாடி பாரு,” என்று கோச் கத்திக்கொண்டே இருந்தார்.