எதிர் வாசல் மாங்கன்று

எதிர் வீட்டு வாசலில் நிற்கும் மாங்கன்று புதுத் தளிர் விட்டால் அன்றே எனக்குத் தெரிந்துவிடும். செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும். சில நாளில் நிமிர்ந்து பச்சையாகும். வைத்தவரைவிட நான்தான் அதை அதிகம் பார்த்திருப்பேன். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

கோவில்பத்தில் எங்கள் தெரு, புயலில் மரங்கள் சாய்ந்த பிறகு மொட்டையாகிவிட்டது. அதைப் பற்றி முதலில் எழுதியவன் நான். அப்போது ஒரு நாளிதழில் நிருபராக இருந்தேன். வெயிலில் குடை பிடித்துப் பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பற்றி எழுதினேன். குடியிருப்போர் சங்கத்தைக் கூட்டினேன். வேம்பும் புங்கமும் வாங்கி, இரும்புக் கூண்டு வைத்து நட்டோம். படத்தோடு செய்தி வந்தது. அடுத்த கோடைக்குள் பாதி கருகியது. மீதியை ஆடு தின்றது. கூண்டுகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. என் வாசலில் மட்டும் ஒரு கூண்டு இன்னும் நிற்கிறது, உள்ளே ஒன்றுமில்லை.

எதிர் வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். எந்த வீட்டிலும் உட்கார்ந்து காபி குடிக்கும் உரிமை உள்ளவர். எங்கள் ஊர் மாங்கனித் திருவிழாவில் சாமி பிச்சாண்டவராகச் சப்பரத்தில் வரும்போது, வேண்டிக்கொண்டவர்கள் மாடியிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள். கீழே நிற்கும் கூட்டம் முட்டி மோதிப் பிடிக்கும். ஒரு வருடம் ஒரு பழம் இவர் கையில் விழுந்தது. தின்றுவிட்டுக் கொட்டையைப் பெயின்ட் வாளியில் ஊன்றினார். முளைத்ததை வாசலில் நட்டு, மஞ்சள் துணி கட்டிவிட்டார்.

அடுத்த திருவிழாவுக்கு முன் வீடு வீடாகப் போனார். "பழம் புடிச்சா கொட்டையத் தூக்கிப் போட்றாதீங்க. எங்கிட்ட குடுங்க, கன்னாக்கித் தர்றேன்."

கொடுத்தார்கள். தெருவில் வாசலுக்கு வாசல் மஞ்சள் துணி தெரிந்தது. கையில் பழம் விழாதவர்களும் கன்று கேட்டு வாங்கினார்கள். என் வேம்புக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றாதவர்கள் இதற்கு அரிசி கழுவிய தண்ணீரைச் சேர்த்து வைத்து ஊற்றினார்கள். கடைசி வீட்டு அம்மா தன் ஆடுகளைக் கட்டிப் போட்டிருந்தார்.

"எங்க வேம்பத் தின்னப்ப கட்டலியே?" என்று கேட்டேன்.

"அது சங்கத்துக் கன்னு. இது சாமி கன்னுங்க. தின்னா ஆட்டுக்கு ஆவாது."

எதிர் வீட்டுக்காரரிடம், ஒட்டு மாம்பழத்தின் கொட்டையில் அதே பழம் வராது என்று விளக்கினேன்.

"நெழலு வரும்ல சார்?" என்றார்.

என் வாசலுக்கு ஒரு கன்று அவர் தரவில்லை. நான் கேட்கவுமில்லை. கூண்டு இருந்ததால், ஏதோ வைத்திருக்கிறேன் என்று நினைத்திருக்கலாம்.

அத்தனை பேர் கையிலும் பழம் விழுந்திருக்காது என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. போன வருடம் திருவிழா முடிந்த மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜூஸ் கடையில் விடை கிடைத்தது. எதிர் வீட்டுக்காரர் அங்கே ஒரு சாக்குப் பையை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டிருந்தார். பை முழுக்க மாங்கொட்டை.

வீட்டுக்கு வருவதற்குள், என் பழைய நாளிதழுக்கு எழுதி அனுப்பத் தலைப்புகூட யோசித்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அந்தத் தெருவில் நடந்து வெகு நாளாகியிருந்தது. மனைவியிடம் சொன்னேன்.

"மாடிலேருந்து எறியறது மட்டும் சாமி தோட்டத்துலயா காய்க்குது? அதுவும் மார்க்கெட்டுல வாங்குனதுதான். ஒங்களுக்கு என்னங்க நோவுது?" என்றாள்.

அவரிடமே போய்க் கேட்டேன். கொல்லையில் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார். சாக்கைத் திறந்து காட்டினார், மறைக்கவில்லை.

"எழுதப்போறீங்களா சார்?"

"தெரியல."

"எழுதுங்க. இந்த மழை வரைக்கும் மட்டும் பொறுத்துக்கங்க. கன்னுங்க வேர் புடிச்சுடட்டும். அப்புறம் என்னை என்ன வேணா திட்டிக்கட்டும்."

தன் பெயரைக் காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சியிருந்தால் எழுதியிருப்பேன். நான் எழுதினால் அவை மறுபடியும் வெறும் கன்றுகளாகிவிடும், ஆடுகள் அவிழ்ந்துவிடும். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஐப்பசி மழை வந்தது, போனது. கன்றுகள் வேர் பிடித்தன. நான் எழுதவில்லை. இதைப் பெருந்தன்மை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் எழுதி, உண்மை தெரிந்த பிறகும் தெருக்காரர்கள் தண்ணீர் ஊற்றிவிட்டால்? அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

இந்த வருடம் திருவிழாவுக்கு மறுநாள், கையில் ஒரு துணிப்பையோடு ஜூஸ் கடைக்குப் போனேன். கொட்டை இருக்கிறதா என்று கேட்டேன்.

"கோவில்பத்துக்கா சார்?" கடைக்காரர் சிரித்தார். "ஒங்க தெருக்காரரு இப்பத்தான் மொத்தத்தையும் வாரிட்டுப் போனாரு. ஒரு மாம்பழ ஜூஸ் போடட்டுமா? கொட்டை கெடைக்கும்."

ஒன்று முளைக்காமல் போனால் என்ன செய்வது?

"ரெண்டு போடுங்க" என்றேன்.