பிரேக் அக்காவின் ஒற்றைத் தட்டு

டொக்கென்று டாஷ்போர்டில் ஒரு தட்டு. கார் ஓட்டப் புதிதாகக் கற்க வந்தவர்கள் பதறிப்போய் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிடுவார்கள். "ஐயோ, உங்களைச் சொல்லலைங்க. நீங்க பாட்டுக்குப் போங்க" என்பார் பிரேக் அக்கா. "மண்டைக்குள்ள சத்தம் நின்னிருந்துச்சு. இப்பத்தான் கவனிச்சேன். அதுக்குத்தான் தட்டினேன்."

பயிற்சி காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. நாம் தப்புச் செய்ய நினைக்கும் முன்பே அதை மிதித்துவிடுவதால் வந்த பட்டம் இது. இருக்கையில் ஒருக்களித்து உட்கார்ந்து, சாலையைப் பாதியும் நம் பாதங்களைப் பாதியுமாகப் பார்ப்பார். "ரோடு எங்கயும் ஓடிடாது. காலுதான் ஏமாத்தும்." கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் என் செருப்பைப் பார்த்த பிறகே முகத்தை அடையாளம் கண்டுகொள்வார்.

சிக்னலில் வண்டி நின்றாலும் அவர் மனம் நிற்காது. கேஸை மூடினோமா, வெளியூரில் இருக்கும் மகளுக்கு இருமல் குறைந்ததா, பின்னால் வரும் லாரிக்கு பிரேக் பிடிக்குமா... தூக்கம் போய்ப் படபடப்பு வந்தது. தினமும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிச் சும்மா உட்காரச் சொன்னார் டாக்டர். "சும்மாவா? கண்ணை மூடினதுதான் தாமதம், சொந்தக்காரங்க எல்லாம் வரிசையா வந்து உக்காந்துட்டாங்க. காபி போட்டுக் குடுக்காத குறைதான்!"

ஒருநாள் குறுகலான சந்தில் ஒரு லாரி பின்வாங்கிக்கொண்டிருந்தது. அக்கா காரில் காத்திருந்தார். லாரி போன பிறகுதான் உறைத்தது, இவ்வளவு நேரம் தலைக்குள் ஒருவரும் பேசவில்லை என்று. அடடா என்று நினைத்ததும் எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அமைதியைத் தேடிப் போவதில்லை. வந்திருந்தால் ஒரு தட்டுத் தட்டி விசாரித்துக்கொள்வதோடு சரி. "நம்ம குழாய் ரிப்பேர்காரர் மாதிரிங்க. கூப்பிட்டா வரமாட்டார். தெருவுல தானா கண்ணுல பட்டா சிரிச்சு வைக்கணும். அப்புறம் அடிக்கடி கண்ணுல படுவார்."

அவர் கணவர் நூலகர், அதிர்ந்து பேசாதவர். கல்யாணமான புதிதில் அவருக்குக் கார் ஓட்டச் சொல்லித்தரப் போய் அக்கா போட்ட கூச்சலில், மனிதர் பாலத்தின் நடுவிலேயே இறங்கிச் சாவியை நீட்டிவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுத்ததே இல்லை. இப்போது அக்காவுக்கு அடுத்த மாதம் முழங்காலில் அறுவை சிகிச்சை. அதன்பின் சில மாதம் பெடலைத் தொடக்கூடாது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்வர வீட்டில் வேறு ஆள் இல்லை.

போன வாரம் என் முறைக்காகப் பின்சீட்டில் காத்திருந்தேன். ஸ்டியரிங்கில் நூலகர். மேடு ஏறும்போது எஞ்சின் அணைந்தது. மறுபடி கிளப்பினார், மறுபடி அணைந்தது. பின்னாலிருந்து ஹாரன்கள் காதைப் பிய்த்தன. கார் மெல்லப் பின்னால் உருண்டது. அக்கா காலை அழுத்தி நிறுத்தினார், வாயைத் திறந்தார். தொலைந்தோம் என்று நான் கண்ணை இறுக்கிக்கொண்டேன்.

டொக்.

"என்ன தப்புப் பண்ணேன்?" என்றார் நூலகர்.

"ஒண்ணுமில்லைங்க. இவ்வளவு ஹாரன் அடிக்கிறாங்க, உள்ள ஒரு சத்தத்தைக் காணோம்!" அக்காவின் குரலில் ஆச்சரியம். "அவசரமில்ல. கிளட்சை மெதுவா விடுங்க. இன்னும் மெதுவா. வண்டி உதறுதா? அப்படியே பிடிங்க. இப்ப ஆக்சிலேட்டர்."

"நீ... திட்டலையா?"

"மேல போயி வேணும்னா திட்டறேன். முன்னால பாருங்க."

கார் ஒரு உலுக்கு உலுக்கி ஏறியது. உச்சியில் நூலகர் ஓரங்கட்டினார். முகமெல்லாம் வேர்வை, கைகள் ஸ்டியரிங்கை விடவே மறுத்தன. அக்கா கைப்பையைத் துழாவி ஒரு எலுமிச்சை மிட்டாய் எடுத்தார். காகிதத்தைப் பிரித்து அவர் வாயருகே நீட்டினார். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே நூலகர் வாயைத் திறந்தார்.