லவால் கடையில் தேடிய பொருள்

இன்று லவால் நகரில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்கு டெலிமார்க் சப்பாத்து வாங்கப் போனேன். குதிகாலைக் கட்டாமல், முழங்காலை மடித்துத் திரும்பும் பனிச்சறுக்குக்கான சப்பாத்து.

ஒரே ஒரு சோடி இருந்தது. அதன் முன்பக்கம் பழையதைப் போல் வாத்து மூக்காக நீளவில்லை. என் ஸ்கீ பலகையில் மாட்டாது.

"மூக்கு வைச்சது இப்ப வாறேல்லை அண்ணை. ஸ்கீயையும் மாத்த வேண்டி வரும்," என்றார் அங்கே வேலை செய்யும் தமிழ்ப் பெண்.

"ஓம்," என்றேன்.

இருந்தாலும் போட்டுப் பார்த்தேன். ஒரு காலை முன்னே வைத்து, மற்ற முழங்காலைத் தரைக்கு இறக்கி, அப்படியே நின்றேன். டெலிமார்க்காரர் எல்லோரும் சப்பாத்து வளைகிறதா என்று கடையில் இப்படித்தான் பார்ப்போம்.

அவர் ஓடி வந்து குனிந்தார்.

"என்னண்ணை விழுந்தது? நானும் தேடுறன்."

விளக்கத் தோன்றவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் தேடினோம்.

உங்களில் யாராவது கண்டெடுத்தால் சொல்லுங்கள்.