யெர்கர் துடைத்த குமிழ்கள்

மரித்தாவும் நானும் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் இருபத்தெட்டு வருஷம் ட்ராம் ஓட்டியவர்கள். ஓய்வு பெற்றதும் நான் உருளைக்கிழங்கு பயிரிட்டேன். அவளோ மின்சாரத்தில் விதவிதமான ஒலி எழுப்பும் ஒரு பழைய அனலாக் சிந்தசைசரை வாங்கிவந்தாள்.

அதற்குள்ளேயே ஒரு சீக்வென்சர் உண்டு. பதினாறு சுரங்களைச் சொல்லிக்கொடுத்தால் அதுவே சுற்றிச் சுற்றி வாசிக்கும். ஆனால் எந்தக் குரலில் வாசிக்க வேண்டும் என்பது அதன் நினைவில் நிற்காது. அதன் முகப்பில் இருக்கும் முப்பத்தொரு குமிழ்களையும் திருகி நிறுத்திவைத்த இடம்தான் குரல்.

"ஒரு போட்டோ எடுத்து வைடி" என்று எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டேன்! "என் கைக்குத் தெரியும்" என்பாள். திமிர்.

மூன்று மாதம் தேடி ஒரு குரலைப் பிடித்தாள். சனிக்கிழமை இரண்டு மணிக்கு நூலகத்தில் கச்சேரி, முதல்முறையாக மனிதர்கள் முன்னால். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று சிரித்த எங்கள் பழைய ட்ராம் டிப்போக்காரர்களும் வருகிறார்கள்.

அன்று காலை முடிவெட்டிக்கொண்டு அவள் திரும்பியபோது நானும் கூட இருந்தேன். அவள் கணவன் யெர்கர் ஈரத்துணியோடு பல்லைக் காட்டினான்.

"பாரு, ஒரு பொட்டு தூசி இல்ல! ஒவ்வொரு குமிழா திருகித் திருகித் துடைச்சேன்."

அவள் ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்தினாள். சுரங்கள் வரிசையாகத்தான் வந்தன. குரல் மட்டும் கொசு. கை எதையெதையோ திருகியது, அதற்கு ஒன்றும் தெரியவில்லை. நாற்காலியில் சரிந்து அழுதாள்.

"நான் போகல. நூலகத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிடு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் துணியாலேயே அவனைச் சாத்தியிருப்பேன்.

யெர்கர் கருவியருகே குனிந்தான். "மூக்கடைச்ச மாதிரி இருக்கு. அது இப்படி இல்ல."

"உனக்கென்ன தெரியும்?"

"மூணு மாசமா தலகாணியால காதைப் பொத்திக்கிட்டுக் கேட்டவன் நான். எனக்குத் தெரியாதா? அடியில கனம் பத்தல, ஏத்து. ஐயோ, அவ்வளவு வேணாம் தாயே, இறக்கு! மூணாவது சுரத்துல நாய் உறுமும். அது எங்க?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே திருகினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு ஏற்று, இறக்கு என்றான். நான் போட்டுவைத்த காப்பி ஆறிப்போனது. பன்னிரண்டரைக்குத் துணியைத் தூக்கி எறிந்தான்.

"இதுதான்! என் தூக்கத்தைக் கெடுத்த சனியன் இதேதான்!"

மரித்தா அவனைக் கட்டிக்கொண்டாள். நான் முதல் வேலையாகப் போட்டோ எடுத்தேன்.

நூலகத்தில் டிப்போக்காரர்கள் கைதட்டினார்கள். என் கண்ணோ அங்கே போகவில்லை. முன்வரிசையில் யெர்கர், பதினாறு சுரங்களையும் வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தான்.