தலைவரின் கடிகாரம்

கனடாவில், அஜின்கோர்ட்டில் இருந்த எங்கள் வீட்டில் இரண்டு கடிகாரங்கள் இருந்தன. சமையலறையில் இருந்தது டொராண்டோவுக்கு; கூடத்தில் இருந்தது தமிழ்நாட்டுக்கு. கூடத்துக் கடிகாரத்தின் நடுவே தலைவர் கைகூப்பிச் சிரிப்பார். முட்கள் இரண்டும் அவர் மூக்கிலிருந்து புறப்படும். தேர்தலுக்கு வீடு வீடாகக் கொடுத்ததில் ஒன்று அது. ஊரில் அவர் கட்சியின் கிளைச் செயலாளராக இருந்த மாமா, அம்மாவின் பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தார்.

"சேலை குடுத்தாரு, சைக்கிள் குடுத்தாரு, தெருவுக்குத் தெரு சாராயக் கடையும் குடுத்தாரு" என்பார் அப்பா.  அன்றைக்கு அம்மா வைக்கும் ரசத்தில் உப்பு கூடும்.

எனக்கு எட்டு வயது. நவம்பரில், குளிர்கால நேரம் தொடங்க இங்கே எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும் ஞாயிற்றுக்கிழமை வந்தால், வீட்டில் அந்த இலாகா என்னுடையது. அந்த வருடமும் நாற்காலி போட்டு ஏறிச் சமையலறைக் கடிகாரத்தைத் திருப்பினேன். இந்த முறை கடமையுணர்ச்சி மிகுந்து தலைவரையும் ஒரு மணி நேரம் பின்னால் திருப்பினேன். தமிழ்நாட்டில் யாரும் அப்படித் திருப்புவதில்லை என்பது இலாகா அமைச்சருக்குத் தெரியாது.

அந்த வாரமே தலைவர் இறந்துபோனார். மறுநாள் அங்கே மாலை நான்கு மணிக்கு அடக்கம் என்றார்கள். அம்மா இரண்டு கடிகாரங்களையும் மாறி மாறிப் பார்த்து, இங்கே காலை ஆறரை என்று முடிவுகட்டினார். வேலைக்கு லீவு சொன்னார். "கடைசியா ஒரு தடவ மொகத்தப் பாத்துரணும்" என்றார்.

ஆறு மணிக்கெல்லாம் தலைக்குக் குளித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தார். திரையில் ஒரு மண்மேடு, அதன்மேல் மாலைகள். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. திரையின் மூலையில் மணி நாலரை. தலைவரின் கடிகாரத்தில் மூன்றரை.

அம்மா மெல்ல என் பக்கம் திரும்பினார். "நீ தொட்டியாடி?"

"எல்லாத்தையுந்தானம்மா மாத்தணும்?"

அதற்குள் மாமாவின் போன். "பாத்தியாக்கா?" பின்னால் ஒரே அழுகை.

"பாத்தேன்டா. நல்லாப் பாத்தேன்."

 அப்பா காபி போட்டுக் கொண்டுவந்து அம்மா பக்கத்தில் வைத்தார்.

எனக்கு அடியும் விழவில்லை. அம்மா தானே நாற்காலியில் ஏறி முள்ளைச் சரியாக்கினார், முந்தானையால் தலைவரின் முகத்தைத் துடைத்தார், அதே முந்தானையால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார். தைரியம் வந்து கேட்டேன்: "ஏம்மா அழுவுற? அவரு நமக்குச் சொந்தமா?"

"ஒம்பதாங் கிளாஸ்ல அவரு குடுத்த சைக்கிள் மட்டும் வரலேன்னா, பத்தாவதுல எனக்குக் கல்யாணம் பண்ணி வச்சிருப்பாங்கடி."

அவ்வளவுதான் சொன்னார். என்னிடம் அப்போது சைக்கிள் இல்லை. மறுநாளிலிருந்து ஒரு மாதம் அப்பாவின் காலைச் சுற்றிச் சுற்றி வந்து சைக்கிள் கேட்டேன். "பனி கொட்டுது, இப்ப என்ன அவசரம்?" என்று அவர் சிரித்தார். எனக்கல்லவா தெரியும் அவசரம்!